பெரிய எழுத்து வேதாகமம்: பதினான்கு மாத வாசிப்புக்குப் பின்

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில், எழுபத்து நான்கு வயதான என் தாயாருக்காகப் பெரிய எழுத்துப் பரிசுத்த வேதாகமம் ஒன்றை வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இந்த அமைப்பில் வெவ்வேறு பதிப்பகத்தாரின் பிரதிகள் கிடைப்பதால், எங்களுக்குக் கிடைத்த பிரதியை யார் அச்சிட்டார்கள் என்பதை இங்கே குறிப்பிடவில்லை. வேதாகமம் என்னும் நூலுக்கு மதிப்புரை எழுதும் தகுதி எனக்கு இல்லை. நான் எழுதுவது தாள், எழுத்து, கட்டு, உறை ஆகியவை சேர்ந்த ஒரு பொருளைப் பற்றி மட்டுமே. ஆயினும் அந்தப் பொருள் எதற்காக வாங்கப்பட்டதோ அதைச் சொல்லாமல் அதன் தரத்தை எடைபோட முடியாது என்பதால், எங்கள் தெருவின் வீட்டு ஜெபக்கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் பன்னிரண்டு, பதினைந்து பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வட்டமாக வாசிப்பது வழக்கம். கண்புரை அறுவைக்குப் பிறகும் அம்மாவுக்குச் சிறிய எழுத்து பிடிபடவில்லை. தன் முறை வரும்போது புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிட்டு, "நீ வாசி, நான் கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லத் தொடங்கினார். சில வாரங்களில் வட்டத்தை விட்டு வாசற்படி ஓரமாக உட்கார்ந்தார். அதற்கும் சில வாரங்கள் கழித்துக் கூட்டத்துக்குப் போவதே குறைந்தது. கேட்டால், "கர்த்தருடைய சித்தம் அதுதான்னா இருந்துட்டுப் போகட்டும்" என்பார். அந்தப் பதிலில் குறை காண எனக்குத் துணிவில்லை. கூட்டத்தை நடத்தும் அக்காதான் வீட்டுக்கே வந்து, "ஒப்புக்கொடுக்கது வேற, ஓய்ஞ்சு உக்காருதது வேறக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நான் கடைக்குப் போனேன்.

பிரதியைப் பற்றி: எழுத்தின் அளவு பதினான்கு புள்ளி என்று உறையில் போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பு, நம் சபைகளில் பெரும்பாலோர் பழைய திருப்புதல் என்று அறிந்திருக்கும், ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. பக்கத்துக்கு இரண்டு பத்திகள், கிறிஸ்துவின் வார்த்தைகள் சிவப்பெழுத்தில், ஓரத்தில் ஒத்துவாக்கியங்கள் (ஒத்த கருத்துள்ள பிற வசனங்களைக் காட்டும் குறிப்புகள்), வேதாகமத்தின் உட்பிரிவு நூல்களான அறுபத்தாறு ஆகமங்களுக்கும் விரல் வைத்துத் திறக்கும் வெட்டுகள், ஒரு நாடா, ஜிப் வைத்த உறை. விலை ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. சாதாரணப் பிரதியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கிறது.

கனத்தைப் பற்றிக் குறை சொல்வது நியாயமாகாது, ஏனென்றால் பெரிய எழுத்து தாளைத் தின்னும் என்பது தமிழ் வேதாகமத்தின் முதல் அச்சுக்காரர்களே பட்டு அறிந்த உண்மை. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரியான சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1715இல் அந்த வேலையை முடித்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சகத்தாருக்கு அதே கணக்குத்தான்: எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் தாளை மெலிதாக்க வேண்டும், தாள் மெலிந்தால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாடும். எங்கள் பிரதியில் சுவிசேஷங்களின் பக்கங்களில் இந்த நிழல் கண்ணை உறுத்துகிறது, ஏனெனில் சிவப்பு மையின் மேல் மறுபக்கத்துக் கறுப்பு படியும்போது எழுத்தின் ஓரம் மங்கிவிடுகிறது. கண் தெளிவில்லாதவர்களுக்காக அச்சிடப்படும் புத்தகத்தில் சிவப்பெழுத்தைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பக்கத்தின் அடியில் ஒரு கறுப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டால் நிழல் மறைகிறது. அம்மா பழைய நாட்காட்டியின் அட்டையை வெட்டி அதற்கென்றே வைத்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய குறை, பத்தியின் அகலம். தமிழ்ச் சொல் நீளமானது. வேதாகமத் தமிழின் சொல் இன்னும் நீளமானது. பெரிய எழுத்தில், குறுகிய இரண்டு பத்திகளில் அதை அடைக்கும்போது வரிக்கு மூன்று சொல்கூட நிற்பதில்லை; ஏறக்குறைய ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சொல் உடைகிறது. யாக்கோபு நான்காம் அதிகாரத்தின் ஏழாம் வசனம் "ஆகையால், தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று தொடங்குகிறது. எங்கள் பிரதியில் "கீழ்ப்படிந்தி" என்பது ஒரு வரியிலும் "ருங்கள்" என்பது அடுத்த வரியிலும் இருக்கிறது. மனத்துக்குள் வாசிப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. பலர் நடுவே வாய்விட்டு வாசிக்கும் முதியவருக்கோ, வரியின் முடிவில் குரல் இறங்கி, அடுத்த வரியில் பொருளற்ற ஒரு துண்டு எதிர்ப்படும்போது, தான் பிழையாக வாசித்துவிட்டோமோ என்ற கூச்சம் வந்துவிடுகிறது. ஒரே பத்தியாக, முழு அகலத்துக்கு அச்சிட்டிருந்தால் இந்தக் கூச்சத்தில் பாதி குறைந்திருக்கும். வாங்கச் செல்பவர்கள் எழுத்தின் அளவை மட்டும் பார்க்காமல், சங்கீதம் 119ஐத் திறந்து பத்து வசனங்களைக் கடையிலேயே உரக்க வாசித்துப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் தவறாக நினைக்கமாட்டார்.

எழுத்து வடிவத்தைப் பற்றி எனக்கு முதலில் ஓர் ஐயம் இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்குக் கிடைத்த பழைய வேதாகமம், 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. அதில் லை, ளை, னை போன்றவை தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். புதிய வடிவம் அவருக்குப் பழகுமா என்று யோசித்தேன். அந்த ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை. செய்தித்தாள் வாசித்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது, இந்தப் பொருளை வாங்குவோர் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தியும் இதுவே. இன்றைய தமிழில் எளிமையாக அமைந்த மொழிபெயர்ப்புகள் பல உள்ளன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, பொருள் விளங்காதபோது நான் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். அதுபோன்ற ஒன்றின் பெரிய எழுத்துப் பிரதியை அம்மாவுக்கு வாங்கலாமே என்று கடையில் ஒரு கணம் நினைத்தேன். வாங்காமல் விட்டது நல்லதாயிற்று. அவர் இப்போது வாசிப்பதைக் கூர்ந்து கவனித்தால் உண்மை புரிகிறது: கண் பாதியைப் பார்க்கிறது, நினைவு மீதியை நிரப்புகிறது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த அதே சொற்கள், அதே வரிசையில், அதே பழைய புணர்ச்சியோடு தாளில் இருப்பதனால்தான், உடைந்த சொல்லையும் நிழலாடும் எழுத்தையும் அவரால் தாண்டிப்போக முடிகிறது. முதியவர்களுக்காக வாங்குகிறவர்கள், அவர்கள் எந்த மொழிபெயர்ப்பில் வசனம் படித்தார்களோ அதிலேயே வாங்க வேண்டும். எது சிறந்த மொழிபெயர்ப்பு என்ற விவாதத்தை இந்த இடத்தில் ஒதுக்கிவைத்துவிடலாம்.

பதிப்பாளர் தம் பங்காகச் சேர்த்திருக்கும் சிறு தலைப்புகளைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில், "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்ற இருபத்தோராம் வசனத்துக்கும், மனைவிகளை நோக்கிப் பேசும் இருபத்திரண்டாம் வசனத்துக்கும் நடுவே, தடித்த எழுத்தில் குடும்பத்தைப் பற்றிய ஒரு தலைப்பை நுழைத்திருக்கிறார்கள். அதனால் "ஒருவருக்கொருவர்" என்பது முந்திய பகுதியின் வாலாக ஒட்டிக்கொள்ள, "மனைவிகளே" என்பது புதிய பகுதியின் தலையாக நிமிர்ந்து நிற்கிறது. அன்று கூட்டத்தில் இதை வாசித்தபோது தலைப்பிலிருந்துதான் தொடங்கினார்கள், வசனம் இருபத்தொன்றை யாரும் வாசிக்கவில்லை. கீழ்ப்படிதல் ஒரு பக்கமாக மட்டும் பாயும் தண்ணீர் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரோடியிருப்பதற்கு அச்சுக்காரர் போட்ட ஒரு தலைப்பு காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தலைப்பு ஒரு வரி மேலே இருந்திருந்தால் அன்றைய பேச்சு வேறு விதமாகப் போயிருக்கும். அம்மா அடுத்த வாரம் தன் முறை வந்தபோது, கேட்காமலே, இருபத்தொன்றை வாசித்துவிட்டுத்தான் அன்றைய பகுதிக்கு வந்தார்.

ஒத்துவாக்கியங்கள் எறும்பு எழுத்தில் இருக்கின்றன. பதினான்கு புள்ளி தேவைப்படுகிற கண்ணுக்கு ஆறு புள்ளியில் ஒத்துவாக்கியம் எதற்கு என்று தெரியவில்லை. ஆயினும் என் கண்ணுக்கு அவை பயன்பட்டன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவற்றைப் பின்தொடர்ந்து போனபோதுதான், "தேவனுக்கு ஒப்புக்கொடுத்தல்" என்று நாம் ஜெபத்தில் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்றுக்கு இந்த மொழிபெயர்ப்பில் எத்தனை முகங்கள் என்று கண்டேன். யாக்கோபில் அது கீழ்ப்படிந்திருத்தல். ரோமர் பன்னிரண்டில் சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுத்தல். முப்பத்தேழாம் சங்கீதத்திலோ "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து" என்றிருக்கிறது. வழியைத்தான் ஒப்புவிக்கச் சொல்கிறது, நடையை நிறுத்தச் சொல்லவில்லை. கெத்செமனேயில் ஆண்டவரும் பாத்திரம் நீங்கும்படி முதலில் கேட்டார். அதன்பின்புதான் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். கூட்டத்து அக்கா எங்கள் வீட்டு நடையில் நின்றபடி சொன்ன ஒற்றை வாக்கியத்தின் பொருளை நான் இவ்வளவு பக்கங்கள் புரட்டித்தான் கண்டுகொண்டேன்.

அம்மா மறுபடியும் வட்டத்தில் உட்கார்ந்த முதல் வெள்ளிக்கிழமை அவருக்கு வாய்த்தது எழுபத்தோராம் சங்கீதத்தின் ஒன்பதாம் வசனம்: "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்." முறைப்படி எண்ணி வந்த வசனம் அது, யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை என்று அக்கா இன்றுவரை சாதிக்கிறார், நான் முழுவதும் நம்பவில்லை. இரண்டு இடங்களில் தடுமாறி வாசித்து முடித்தார். யாரும் கைதட்டவில்லை, பாராட்டவும் இல்லை. அடுத்தவர் பத்தாம் வசனத்தைத் தொடங்கினார். அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது.

உற்சாகப்படுத்துதல் என்று இப்போது பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் சொல், புதிய ஏற்பாட்டின் கடிதங்களான நிருபங்களில் நான் தேடிய இடங்களில் "தேற்றி", "புத்திசொல்லி" என்றே நிற்கிறது. எபிரெயர் பத்தாம் அதிகாரத்தில், சபை கூடிவருதலை விட்டுவிடாமல் "ஒருவருக்கொருவர் புத்திசொல்லவேண்டும்" என்கிறது. புத்திசொல்லுதல் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது கல்யாணமாகாத பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து நான்கு பேர் சொல்வதுதான். அந்த அனுபவத்தால் கூட்டத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். முதலாம் தெசலோனிக்கேயர் ஐந்தாம் அதிகாரத்தின் பதினான்காம் வசனம் இதை அழகாகப் பகுத்து வைத்திருக்கிறது: ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள். யாருக்கு எது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். கண் மங்கிய ஒருவருக்குப் புத்தி சொல்லியும் பயனில்லை, தேற்றியும் பாதிப் பயன்தான். தாங்குவதற்கு இரண்டு கிலோவுக்கும் மேல் கனமான ஒரு புத்தகம் தேவைப்பட்டது.

கட்டு உறுதியானது. பதினான்கு மாதங்களில் ஒரு தாளும் கழன்று வரவில்லை. எந்தப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் மூடிக்கொள்ளாமல் படுத்துக் கிடக்கிறது, மடியில் வைத்து வாசிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. விரல் வெட்டுகளும் பயனுள்ளவை, சிறிய ஆகமங்களான ஒபதியா, ஆகாய் போன்றவற்றுக்கு மட்டும் வெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கின்றன. ஜிப் நான்காம் மாதத்தில் பல்லிளித்துவிட்டது. நாடாவின் நுனி பிரிந்ததை ஊதுவத்தி நெருப்பில் காட்டிக் கருக்கி நிறுத்தினேன். கைபேசியில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று என் மகன் கேட்டான். கேள்வி நியாயமானது, தனியாக வாசிப்பவர்களுக்கு அதையே நானும் சொல்வேன். வட்டமாக வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கைபேசியில் விரல் வைத்தால் பக்கம் ஓடிவிடுகிறது.

விலைக்குத் தகுந்த பொருளா என்றால், ஆம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்த ஒன்றரையில் ஒன்று குறுகிய பத்திகளுக்கு, அரை அந்தத் தலைப்புக்கு. ஜிப்புக்குக் குறைக்கவில்லை, அது தையற்காரரிடம் தீரும் காரியம். இப்போது அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் இருப்பதில்லை. தூக்கிக்கொண்டு போய்வருவது சிரமமாக இருப்பதால் கூட்டம் நடக்கும் வீட்டிலேயே இருக்கிறது, வீடு மாறும்போது பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அம்மாவின் இரு பக்கமும் இரண்டு முதிய பெண்கள் நெருக்கி உட்கார்ந்து அதே பக்கத்தைப் பார்த்து வாசிக்கிறார்கள், வாசற்படி ஓரம் காலியாக இருக்கிறது. மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்தால் வெளிச்சம் மறைவதாக முறையீடு வந்திருப்பதால், இரண்டாவது பிரதி ஒன்று வாங்கவிருக்கிறோம். இந்த முறை ஒற்றைப் பத்தியில், சிவப்பெழுத்து இல்லாமல் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.