காது மெஷினுக்கு ஆன்லைன் துணை: வீடியோவா, வகுப்பா, பயிற்சியா, ஆப்பா?

காது மெஷினைக் கையில் கொடுக்கும்போது ஆடியாலஜிஸ்ட் (காதைச் சோதித்து மெஷின் பொருத்தும் நிபுணர்) மடமடவென்று எல்லாம் சொல்லிவிடுவார்: எப்படி மாட்டுவது, எப்படித் துடைப்பது, பேட்டரி மாற்றுவது, போனில் பேசுவது. முதல் முறை மெஷின் போடும் எழுபது வயதுக்காரருக்கு இதில் எவ்வளவு மனதில் நிற்கும்? அந்தக் குறையைத் தீர்க்க ஆன்லைனில் கிடைப்பவை நான்கு வகை.

முதலில் வீடியோ. இதில் என் ஓட்டு இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உருவான 'சி2ஹியர்' பாடங்களுக்கு. முதன்முறையாக மெஷின் போட்ட 203 பேரை வைத்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பாடம் பார்த்தவர்களுக்கு மெஷினைப் பற்றிய அறிவும் அதைக் கையாளும் திறனும் கூடியிருந்தன. நாள் முழுக்கப் போடாமல் அவ்வப்போது கழற்றி வைப்பவர்களிடம் உபயோகமும் கூடியது. இதில் வேடிக்கை, பாதிப் பேருக்கு மேல் டிவிடி போட்டு டிவியில்தான் பார்த்தார்கள். இணையத்தில் பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இப்போது யூடியூபில் இலவசமாகவே பார்க்கலாம்.

எழுத்தைவிட வீடியோ ஏன் ஜெயிக்கிறது என்பதற்குப் போன் உதாரணம் ஒன்றே போதும். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் மைக் காதின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும். பழக்கத்தில் எல்லோரும் போனைக் காதுத் துளையில் வைத்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்பார்கள். போனைக் கொஞ்சம் மேலே, மைக் பக்கம் நகர்த்தினால் கேட்கும். இதை எழுத்தில் படித்தால் குழப்பம், கண்ணால் பார்த்தால் ஒரு நொடி. மொழி ஆங்கிலம்தான். வீட்டில் ஒருவர் பார்த்துவிட்டுச் செய்து காட்டினால் அம்மாவுக்கு அது போதும்.

அடுத்தது, வழிகாட்டியோடு நடக்கும் ஆன்லைன் வகுப்பு. ஸ்வீடனில் 76 பேரிடம் நடந்த ஐந்து வாரத் திட்டம் 2014-ல் வெளியானது. படிக்கப் பாடம், வீட்டில் செய்து பார்க்க வேலை, கூடவே கேள்வி கேட்க ஒரு நிபுணர். காது கேளாமையால் அன்றாடம் படும் சிரமம் இதில் குறைந்தது. பேட்டரி மாற்றத் தெரிந்தும் கல்யாண வீட்டுக்குப் போகத் தயங்குகிறவருக்கு வீடியோவால் பயன் குறைவு. கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிற இந்த வகுப்புதான் அவருக்கு ஏற்றது. நான்கில் சிறந்தது இதுவே என்பேன். என்ன, நடத்த ஆளும் நேரமும் வேண்டும்; தமிழில் தேடினால் சுலபத்தில் சிக்காது.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் காதுக்குப் பயிற்சி. சந்தடிக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கப் பழக்கும் 'லேஸ்' இந்த வகையில் பேர்பெற்றது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 279 பேரிடம் சோதித்தபோது, வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கச் சொல்ல மாட்டேன்.

கடைசியாகக் கம்பெனி ஆப். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சில மாடல்களில் ஆடியாலஜிஸ்ட் தூரத்திலிருந்தே அமைப்பை மாற்றித் தருவார். கால் வலிக்காமல் காரியம் முடிகிறது, சரி. ஆனால் புளூடூத் உள்ள மெஷினும் ஸ்மார்ட்போனும் வேண்டும். விலை குறைந்த பல மெஷின்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. அதோடு, குரும்பி அடைத்துச் சத்தம் மங்கினாலும் ஆப்பில் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். முனையில் உள்ள சின்ன வடிகட்டியை மாற்றினால் பல நேரம் தீர்ந்துவிடும். அதற்குத் தரும் குச்சியின் ஒரு நுனி பழையதை இழுக்க, மறு நுனி புதியதைச் செருக. கை நடுங்குபவருக்கு அதுவே பெரும் பாடு, அங்கே பேரப்பிள்ளைதான் வேண்டும்.

காதில் வலி, சீழ், திடீரென்று கேட்காமல் போவது என்றால் இந்த நான்கையும் விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர் பணம் கட்டுமுன் கடையில் கேட்க வேண்டியது இரண்டு: வாங்கிய பிறகு வீடியோ காலில் தமிழில் பேச ஆடியாலஜிஸ்ட் வருவாரா, எத்தனை மாதம்வரை? மாட்டிக் காட்டும்போது அப்பாவின் கையையே போனில் படம் பிடித்துக்கொள்ளலாமா? இரண்டுக்கும் சரி என்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள், ஆப் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.