அளம்பிலில் அம்மம்மாவின் கல்லறையைக் கழுவித் தந்த பொடியன்கள்

இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 கிட்ட வந்தால் எங்கள் சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம், முழுக்க அசிட் மணம்தான். கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஊற்றி, கம்பி பிரஷால் உரஞ்சி, "பாருங்கோ, பளபளக்குது" என்று காசு வாங்கிக்கொண்டு போவார்கள். பெரியப்பாவின் கல்லறையை ஒருவர் அப்படித்தான் கழுவினார். மாபிளின் மினுக்கம் போய்க் கல் சொரசொரத்தது. அடுத்த மாரிக்கு முன்னையைவிட அதிகமாகப் பாசி பிடித்தது. மாபிளிலும் சீமெந்திலும் இருப்பது சுண்ணாம்பு. அசிட் பட்டு நுரைக்கும்போது கல்லும் சேர்ந்து கரைகிறது.

அதனால் இந்த முறை முல்லைத்தீவிலிருந்து வருகிற அண்ணன் தம்பி இருவரைக் கூப்பிட்டேன். ஒரு கல்லறைக்கு 3,000 ரூபா. தும்பு பிரஷ், பழைய பல் பிரஷ், மூங்கில் சீவல், கான் கானாகத் தண்ணீர் எல்லாம் அவர்களே கொண்டு வந்தார்கள். கிணறு பக்கத்தில்தானே என்றேன்.

"இது சவர்த் தண்ணி, அன்ரி. உப்பு கல்லுக்குள்ள போய்க் காய்ஞ்சா மேல்பக்கம் பொரிஞ்சு கழண்டிடும்."

அந்தச் சொல்லிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ப்ளீச்சிங் தூளும் உப்பை விட்டுவிட்டுப் போகும் என்று அதையும் தொடுவதில்லையாம்.

மூத்தவன் முதலில் மாபிளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். சீனி மாதிரி மணிமணியாக உதிர்ந்தால் பிரஷே வைக்கக் கூடாதாம். அம்மம்மாவின் கல் உதிரவில்லை. அப்புறம் கல்லை நன்றாக ஊற நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்தான். மேலே தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கீழே கோடு விழுந்துவிடும். இளையவன் தேய்த்த இடத்தை உடனுக்குடன் கழுவிக்கொண்டே வந்தான். வட்டம் வட்டமாக ஒட்டியிருந்த கற்பாசியை ஊறவிட்டு, மூங்கில் சீவலால் மெல்லக் கிளப்பினார்கள். 1931 என்ற பிறந்த ஆண்டின் 3 அதற்குள்தான் மறைந்து கிடந்தது. முதலில் மேல் வளைவு தெரிந்தது, பிறகு கீழ் வளைவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு குறை உண்டு. எழுத்துக்குக் கறுப்பு பெயின்ற் பூசுவதில் அவசரப்பட்டார்கள். ஈரக் கல்லில் பூசியதால், பிறப்பைக் குறிக்கிற 'மலர்வு' என்ற சொல் கசிந்துவிட்டது. சொன்னதும் துடைத்துவிட்டு, கல் காய்ந்த பிறகு வந்து திரும்பப் பூசினார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.

உள்ளே இறங்கிய சாம்பல் நிறக் கறை போகாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள், போகவும் இல்லை. கல் புதுசு மாதிரி மின்ன வேண்டும் என்பவர்களுக்கு இவர்கள் சரிவர மாட்டார்கள். வெடித்த கல்லையும் ஆடுகிற சிலுவையையும் தொட மாட்டார்கள்; அதற்கு மேசன்தான் வேண்டும். என்னைக் கேட்டால் தாராளமாகக் கூப்பிடலாம். மாரி பிடிக்க முன்னமே சொல்லி வையுங்கள், ஒக்டோபர் கடைசியில் இவர்களைப் பிடிக்க முடியாது.