ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டோவுக்கு முன்பணம் கொடுக்கப்போகும் மதுரைப் பெற்றோருக்கு

மதுரையில் பிள்ளைகளை ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு அனுப்புகிறவர்களே, போட்டோ பேக்கேஜ் என்று யாராவது சீட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றால், பணத்தை எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அண்ணன் மகள் அண்மையில் ஒரு பள்ளியின் உள்ளரங்கில் நடந்த போட்டியில் ஆடினாள். களத்தருகே நின்று படமெடுக்க ஒரே ஒரு ஸ்டுடியோவுக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் கேமராவை உறையிலிருந்தே எடுக்கக் கூடாது. கல்யாண ஆல்பத்தில் பேர் வாங்கிய ஸ்டுடியோ. ஒரு பிள்ளைக்கு 2,500 ரூபாய், முழுவதும் முன்கூட்டியே. எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், பில் கிடையாது.

கல்யாண மண்டபத்தில் வீடியோ லைட் எரியும், ஃபிளாஷ் அடிக்கலாம், தாலியைப் பிடித்த கையோடு மாப்பிள்ளை கேமராவைப் பார்த்து நிற்பார். இங்கே அந்தச் சலுகை எதுவும் இல்லை. பிள்ளைகள் ஏறி ஆடும் பேலன்ஸ் பீம் என்ற நீளக் கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். அதன் மேல் பின்பக்கமாகக் கரணம் போடும் குழந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் அவள் எங்கே போய் விழுவாள்? அதனால்தான் இந்தப் போட்டிகளில் ஃபிளாஷுக்குத் தடை. இருக்கிற விளக்கை வைத்தே எடுத்தாக வேண்டும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அரங்கமும் கேமராவுக்கு இருட்டுதான்.

படங்கள் வருவதற்குப் பதிலாக ஒரு போன் வந்தது. "கிரெயின்ஸ் அதிகமாக இருக்கிறது அக்கா, அரங்கத்து விளக்கு அப்படி. ஏ.ஐ. சாஃப்ட்வேரில் போட்டுச் சுத்தம் செய்துவிடலாம், படத்துக்கு 100 ரூபாய்தான்" என்றார் ஸ்டுடியோக்காரர். கிரெயின்ஸ் என்றால் படமெங்கும் தெரியும் பொடிப் புள்ளிகள். பிள்ளையின் படம் கெட்டுப்போய்விடுமே என்ற பயத்தில் பெரும்பாலான பெற்றோர் அதையும் கட்டினார்கள்.

பென் டிரைவைத் திறந்து பார்த்தால், பிள்ளைகள் எல்லோரும் வெண்ணெய்க்காப்பு சாத்திய அனுமாராகியிருந்தார்கள். தோலில் ஒரு ரோமக்கால் இல்லை. உள்ளங்கையில் வழுக்காமலிருக்கப் பூசியிருந்த மெக்னீசியம் கார்பனேட் பொடி மாயமாகிவிட்டது. பார்ஸைப் பிடித்த விரல்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டன. வாயை மூடியிருந்த ஒரு சிறுமிக்கு சாஃப்ட்வேர் பல் வைத்திருந்தது. அந்த 100 ரூபாயைக் கட்டாத ஒரு குடும்பத்துக்குப் போன படங்களை வாங்கிப் பார்த்தேன். அவற்றில் நிழல் பகுதியெங்கும் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக அழுக்கு. கையும் காலும் அசைவில் கலங்கி வெறும் இழுப்பு.

ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும். விவரமானவர்கள் அதை அழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இவருக்கு அது தோன்றவில்லை. லென்ஸின் திறப்பு எஃப் 5.6 (எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/125 விநாடி, வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்ட வேண்டும் என்ற ஐ.எஸ்.ஓ. எண் 1600. எல்லாப் படங்களுக்கும் இதே கணக்கு. கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண ஜூம் லென்ஸ், அதையும் கடைசிவரை இழுத்து வைத்து எடுத்திருக்கிறார்.

விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் கை, 1/125 விநாடிக்குள் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த இழுப்பை எந்த சாஃப்ட்வேராலும் ஒழுங்காக மீட்க முடியாது. தானாக ஒரு கையை வரைந்து வைக்கும், அவ்வளவுதான். 1/1000 வைத்திருந்தால் அதே கை அரை சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். உள்ளே வரும் வெளிச்சம் குறையும், அதற்கும் வழி உண்டு. எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த லென்ஸை வாடகைக்கு எடுத்து, ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கோ 12800-க்கோ ஏற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இதை நேரில் போய்ச் சொன்னேன். "ஐ.எஸ்.ஓ. ஏற்றினால் கிரெயின்ஸ் வரும் அக்கா, அதனால் நான் 1600-ஐத் தாண்டுவதே இல்லை" என்றார், ஏதோ விரதம் போல. கிரெயின்ஸ் வருவது வெளிச்சம் போதாததால், ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தாழ்த்தி வைப்பதால் வெளிச்சம் கூடிவிடாது. அவர் படத்தை இருட்டாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறார். அதுவும் கேமரா சுருக்கிக் கொடுக்கும் 8 பிட் ஜேபெக்கில். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக இருந்தால் 12 அல்லது 14 பிட் தகவல் இருக்கும், ஓரளவு தாங்கும். கிரெயின்ஸ் நீக்கும் சாஃப்ட்வேரும் ராவில்தான் உருப்படியாக வேலை செய்யும். ஜேபெக்கில் இப்படி ஏற்றினால் திட்டுகள்தான் மிஞ்சும். ஆக, தானே உண்டாக்கிய அழுக்கைத் துடைக்கத்தான் எங்களிடம் தனிக் கூலி வாங்கியிருக்கிறார்.

என்னைக் கேட்டால், பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும் படம் கெட்ட படமே அல்ல. 4-க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் அந்தப் புள்ளி பாதி கண்ணுக்கே தெரியாது. துள்ளி மேலே போன குழந்தையின் முகம் கூர்மையாக இருந்தால் போதும்.

அடுத்த முறை யார் வந்தாலும், இதே மாதிரி அரங்கில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படத்தை முழு அளவில் காட்டச் சொல்லுங்கள். போன் திரையில் காட்டுவது எதற்கும் ஆகாது. எந்த லென்ஸ், ஷட்டர் எவ்வளவு என்று கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் முன்பணம் வேண்டாம். ரா ஃபைல் உண்டா, பிறகு தனிக் கட்டணம் எதுவும் கேட்பீர்களா என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

சில பெற்றோர் சேர்ந்து போய் நின்ற பிறகு சாஃப்ட்வேர் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தார். 2,500 பற்றிப் பேச்சே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாதவரை அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். அந்தப் போட்டியில் பணம் கட்டிய மற்றவர்கள் துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய பதிவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பென் டிரைவில் இருக்கும் படங்களைத் திருத்தாமல், பெயர்கூட மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள்.