விக்கிப்பீடியா டாஷ்போர்டு: வகுப்பை மேய்க்கும், சான்றைப் படிக்காது

மாணவர்களை விக்கிப்பீடியாவில் முதல் கட்டுரை எழுத வைக்க எந்தக் கருவி நல்லது என்று ஆசிரியர்கள் கேட்டால் நான் சொல்வது, மாணவர்களின் விக்கி வேலையை ஆசிரியர் கவனிக்க உதவும் இணையக் கருவியான புரோகிராம்ஸ் அண்ட் ஈவண்ட்ஸ் டாஷ்போர்டைத்தான். இலவசம், எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். கிட்டத்தட்ட இதே முகத்தோடு விக்கி எஜுகேஷன் என்ற அமைப்பு நடத்தும் இன்னொன்றும் இருக்கிறது, அது அமெரிக்க, கனடா கல்லூரிகளுக்கானது, தேடும்போது அதில் போய் நிற்க வேண்டாம்.

டாஷ்போர்டில் வகுப்புக்கு ஒரு பக்கம் தொடங்கி அதன் இணைப்பை அனுப்பினால் மாணவர்கள் தங்கள் விக்கிக் கணக்கோடு வந்து சேர்ந்துகொள்வார்கள். அப்புறம் யார் எந்தக் கட்டுரையில் கைவைத்தார், எவ்வளவு எழுதினார், எத்தனை சான்று போட்டார் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும், எண்கள் மாற மட்டும் கொஞ்ச நேரம் பிடிக்கும். கணக்குத் தொடங்கும் வேலையை வகுப்பறையில் வைக்காதீர்கள். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு 6 புதிய கணக்குகளுக்கு மேல் விக்கிப்பீடியா சாதாரணமாக விடாது, ஏழாவது மாணவர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

எனக்கு உறுத்துவது அந்த எண்கள்தான். சான்றின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று மாணவர்களுக்குத் தெரிந்துவிட்டால், ஒரே ஏஜென்சிச் செய்தியை மூன்று தளங்கள் அப்படியே போட்டிருப்பதை எடுத்து மூன்று சான்றாகக் காட்டுவார்கள், டாஷ்போர்டும் சமர்த்தாக மூன்று என்று எண்ணிக்கொள்ளும். சான்று கட்டுரை நாயகரின் சொந்தத் தளமா, அவரே கொடுத்த பேட்டியா, விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதிய வலைப்பதிவா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உட்கார்ந்து திறந்து படிக்க வேண்டியது நாம்தான்.

விக்கிப்பீடியாவின் எழுதும் கருவியான விஷுவல் எடிட்டரில் உள்ள தானியங்கி மேற்கோள் வசதி மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நூலுக்கான ஐஎஸ்பிஎன், ஆய்வுக் கட்டுரைக்கான டிஓஐ எண் கொடுத்தால் பெரும்பாலும் ஒழுங்காக வரும். வெறும் இணைப்பை ஒட்டினால் பல நேரம் எழுதியவர் பெயர் விட்டுப்போகும், தேதி இருக்காது, தலைப்போடு தளத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், அதைச் சரிபார்க்காமல் சேமிக்க விடாதீர்கள். சாட்ஜிபிடி மாதிரியானவற்றிடம் சான்று கேட்கும் பழக்கம் வேறு இருக்கிறது. இல்லாத புத்தகத்துக்கு நம்பும்படி ஒரு தலைப்பும் பக்க எண்ணும் தந்துவிடும்! சரிபார்க்காமல் போட்ட இப்படிப்பட்ட கட்டுரைகளை விவாதமே இல்லாமல் விரைந்து நீக்க ஆங்கில விக்கிப்பீடியாவில் 2025இல் தனி விதியே வந்துவிட்டது.

அதனால் என் வரிசை வேறு. எழுதுவதற்கு முன்னால், தலைப்புக்குத் தொடர்பில்லாதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதிய இரண்டு மூன்று நூல்களோ கட்டுரைகளோ கையில் இருக்க வேண்டும், கிடைக்கவில்லையா, தலைப்பை மாற்றுங்கள். பாடுபட்டு எழுதி முடித்தபின் நீக்கல் அறிவிப்பைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். அதற்கும் முன்னால், ஏற்கெனவே உள்ள கட்டுரைகளில் ‘சான்று தேவை’ என்று தொங்கும் ஒரு வரிக்கு ஒழுங்கான சான்று தேடிப் போடச் சொல்லுங்கள். ஒரே வரிக்கு எவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும், அப்புறம் மணல்தொட்டியில், அதாவது விக்கியின் பயிற்சிப் பக்கத்தில், எழுதும்போது தானாகவே சுருக்கமாக எழுதுவார்கள்.

விக்கிப்பீடியா லைப்ரரியில் கட்டண ஆய்விதழ்களெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். கிடைக்கும்தான், ஆனால் 500 தொகுப்புகள் (விக்கியில் செய்து சேமித்த திருத்தங்கள்), 6 மாதப் பழைய கணக்கு, கடைசி 30 நாளில் 10 தொகுப்புகள் என்று நிபந்தனை இருக்கிறது, புது மாணவர்களுக்கு அது ஆகாது. கல்லூரி நூலகரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நான்கைந்து பேர்தான் என்றால் டாஷ்போர்டே தேவையில்லை, அவர்களுடைய பங்களிப்புகள் பக்கத்தைப் பார்த்தாலே போதும். இருபது முப்பது பேர் என்றால் தயங்காமல் எடுங்கள்.