ட்யூப் ஸ்குவீசர், சோப்புப் பை, பென்சில் ஹோல்டர்: எதை வாங்கலாம்?

பேஸ்ட் ட்யூபை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வருவது, தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டுவது, குட்டைப் பென்சிலின் வாலில் காலி பேனாக் குழாயைச் செருகுவது. சின்ன வயதிலேயே கையில் ஊறிப்போகும் இந்த மூன்று பழக்கங்களுக்கும் இப்போது தனித்தனியாகச் சாமான் விற்கிறார்கள். சிக்கனம் பிடிக்கக் காசு கொடுத்துப் பொருள் வாங்குவது முரண்தான். ஆனாலும் மூன்றில் ஒன்று நிச்சயம் உதவும், ஒன்று ஆளைப் பொறுத்தது, ஒன்று தண்டம்.

உதவுவது ட்யூப் ஸ்குவீசர், அதாவது ட்யூபை நசுக்கி மிச்சப் பேஸ்ட்டை வாய்ப்பக்கம் தள்ளும் சாமான். சுருட்டும் பழக்கம் உலோக ட்யூபோடு வந்தது. 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வெள்ளீய ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கியது எண்ணெய் வண்ணத்தை அடைத்து வைக்கத்தான். பேஸ்ட் அதற்குள் புகுந்தது பல வருஷம் கழித்து. வெள்ளீயமோ அலுமினியமோ, மடித்தால் மடித்தபடியே கிடக்கும். இன்றைய பேஸ்ட் ட்யூப் பெரும்பாலும் பிளாஸ்டிக் அடுக்குகளால் ஆன லேமினேட். என்னதான் இறுக்கிச் சுருட்டினாலும் கையை எடுத்ததும் விரிந்துகொள்ளும்; விரியும்போது வாய் வழியாகக் காற்றை இழுத்து, முன்னால் தள்ளிய பேஸ்ட்டைப் பின்னாலும் கூட்டிப் போய்விடும். பழக்கத்தில் தப்பில்லை, ட்யூப் மாறிவிட்டது.

வாங்குவதற்கு முன் ட்யூபின் அடிமூலையை விரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பு அப்படியே நின்றால் உள்ளே அலுமினியத் தாள் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு துணி கிளிப் போதும். உடனே நிமிர்ந்துகொண்டால் ஸ்குவீசருக்கு வேலை இருக்கிறது.

கிடைப்பவை மூன்று வகை. நடுவில் நீளப் பிளவு உள்ள சறுக்குக் கிளிப், ட்யூபின் வாலைச் செருகித் திருகும் சாவி, இரண்டு உருளைக்கு நடுவே ட்யூபை இழுக்கும் ரோலர்.

வீட்டுக்குச் சறுக்குக் கிளிப்தான் சரி. இதில் பார்க்க வேண்டியது இரண்டு அளவு. ஒன்று பிளவின் நீளம். உருண்டையான ட்யூப் தட்டையானதும் அதன் அகலம் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போகும்: 35 மி.மீ. குறுக்களவு என்றால் சுமார் 55 மி.மீ. அகலம். ட்யூபின் அடியில் ஒட்டிய விளிம்பை ஸ்கேல் வைத்து அளந்தாலே இது தெரிந்துவிடும். பிளவு அதைவிட 3, 4 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் சுருண்டு சிக்கும். இன்னொன்று பிளவின் இடைவெளி. அடிவிளிம்பு நுழைய வேண்டும், ஆனால் பேஸ்ட் பின்னால் நழுவக் கூடாது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. இரண்டு மில்லிமீட்டர் என்றால் கிளிப் பேருக்குத்தான் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் கிளிப் நாளடைவில் நடுவில் புடைத்து, இந்த இடைவெளியைத் தானே பெரிசாக்கிக்கொள்ளும். கையில் எடுத்து நடுவில் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மாட்டும் முறையிலும் பிசகு நடக்கிறது. மூடி மூடியிருக்க, கிளிப்பை மூச்சுப் பிடித்துத் தள்ளுகிறார்கள். உள்ளே சேரும் அழுத்தத்தில், அடுத்து மூடியைத் திறக்கும் ஆளின் கையில் பேஸ்ட் பாயும். மூடியைத் திறந்து, வாயை மேலே பார்க்கப் பிடித்து, கிளிப்பை மெதுவாகத் தள்ள வேண்டும். முதலில் காற்று வெளியேறும். பேஸ்ட் வாயில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி மூடிவிடலாம். தினமும் தள்ளத் தேவையில்லை.

சாவி அலுமினியக் குழாயில் வரும் களிம்புக்கும் பசைக்கும் ஏற்றது. லேமினேட்டில் சாவியை விட்டதும் அது தானே திரும்பிச் சுழன்றுவிடும். அலுமினியத்திலும் ஒரு எச்சரிக்கை: ஒருமுறை மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தால் மூலையில் உலோகம் விண்டு ஊசித் துளை விழும், களிம்பு அங்கிருந்து கசியும். ஐந்து ஐந்து மில்லிமீட்டராக, ஒரே பக்கமாக மடித்துப் போவதுதான் முறை. முதல் சுற்று கோணலானால் கடைசிச் சுற்றுவரை கோணல்தான்.

ரோலர் ஓவியர்களுக்கும் தலைமுடிச் சாயம் பூசும் தொழிலில் இருப்பவர்களுக்கும் சரி. வீட்டில் பல் தேய்க்க அது அதிகம். பல்சக்கரத்தில் பேஸ்ட் காய்ந்து இறுகும், கழுவுவது தனி வேலை. போதாததற்குக் கைப்பிடியைச் சுற்றுவதில் குழந்தைகளுக்கு இருக்கும் குஷியில், மிச்சம் பிடித்ததைவிட வாஷ்பேசினில் போவது அதிகம்.

எந்த ஸ்குவீசராலும் முடியாத இடம் ஒன்று உண்டு: வாய்க்குக் கீழே இருக்கும் தோள். அது கெட்டியான பிளாஸ்டிக், நசுங்காது. அங்கே நிற்பதை எடுக்கக் கத்தரிக்கோல்தான். தோளிலிருந்து மூன்று சென்டிமீட்டர் கீழே குறுக்கே வெட்டி, பிரஷ்ஷை உள்ளே விட்டு வழித்துக்கொள்ளலாம். வெட்டிய வால் பகுதியைத் தூக்கி எறிய வேண்டாம். அதை ஓரத்தில் கொஞ்சம் கீறி, தலைப் பகுதியின் மேல் தொப்பி மாதிரி மாட்டினால் இரண்டு மூன்று நாளைக்குப் பேஸ்ட் காயாது.

இனி தண்டம். கயிற்று நாரில் பின்னிய சோப்புப் பை. துண்டு சோப்பைப் போட்டுத் தேய்த்தால் நுரை தாராளமாக வரும், பொய்யில்லை. ஆனால் பையின் அடி முடிச்சு சீக்கிரம் காய்வதில்லை. சோப்பு அங்கேயே கூழாகி, மிச்சம் பிடிக்க நினைத்தது தண்ணீரோடு வடிந்து போகிறது. குளியலறைக்குள்ளேயே தொங்கினால் பூஞ்சையும் பிடிக்கும். இதே வேலையைப் பழைய நைலான் சாக்ஸ் இன்னும் நன்றாகச் செய்யும், விரைவில் காயவும் காயும். உண்மையில் ஒட்டத் தெரிந்தவருக்கு இரண்டுமே வேண்டாம்.

ஒட்டினால் நிற்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் உறை பிரித்த அன்றே ஒட்டுகிறார்கள். புது சோப்பின் மேற்பரப்பு உலர்ந்து இறுகியிருக்கும். பழசோ ஈரம் குடித்து மெத்தென்று இருக்கும். காயும்போது இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்க, ஓரம் தூக்கிக்கொள்கிறது. புதுசை இரண்டு நாள் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். பழசு 3, 4 மி.மீ. கனம் இருக்கும்போதே ஒட்ட வேண்டும், காகிதமாகும்வரை காத்திருந்தால் உடையும். இரண்டு முகத்திலும் சீப்புப் பல்லால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நுரை வரத் தேய்த்து, சேர்த்து வைத்து அரைச் சுற்று திருகி அழுத்தினால் நடுவில் இருக்கும் காற்று போய்விடும். ராத்திரி முழுக்கக் காயட்டும். பெயர் பொறித்த குழிவான பக்கம் இருந்தால் அதில் பழசைப் படுக்க வைப்பது இன்னும் சுலபம். கண்ணாடி மாதிரி இருக்கும் கிளிசரின் சோப்பும் சாதா சோப்பும் லேசில் ஒட்டாது, அந்த ஜோடியை விட்டுவிடலாம்.

துண்டுகளைத் துருவி வெந்நீரில் கரைத்துக் கைகழுவும் திரவமாக்கும் யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டி சோப்பு சோடியம் காரத்தால் செய்தது, ஆறியதும் கோழை மாதிரி இழுபடும்; திரவ சோப்புக்கு வேண்டியது பொட்டாசியம் காரம். தண்ணீர் சேர்த்தபின் கெடாமல் காக்க அதில் எதுவும் இல்லை, அதனால் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தண்ணீர் கலந்தால் கெடாமல் காக்கும் பொருள் நீர்த்துப்போகும் என்பதால், ஷாம்பு பாட்டிலின் அடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

குட்டைப் பென்சிலைச் செருகி நீட்டிப் பிடிக்கும் பென்சில் ஹோல்டர் ஆளைப் பொறுத்தது. பென்சில் எட்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அதன் வால் கட்டைவிரல் பள்ளத்தைத் தாண்டாது, பிடி தளர்ந்து கை வலிக்கும். நிறைய வரைபவர்களுக்கு ஹோல்டர் லாபம். பிளவுபட்ட உலோக வாயும் அதை இறுக்கும் வளையமும் உள்ளதை எடுங்கள். சாதாரண ஆறுபட்டைப் பென்சில் சுமார் 7 மி.மீ., அதற்குப் பொருந்தும். தடித்த வண்ணப் பென்சிலைத் திணித்தால் வாய் அகன்று, அப்புறம் சாதாப் பென்சில் ஆடும். சீவும்போது ஹோல்டரின் வாய் ஷார்ப்னரில் இடிக்கும், அதனால் பென்சிலைச் சற்று வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். பிடிமானத்துக்கே இரண்டு சென்டிமீட்டர் போய்விடுவதால் கடைசித் துண்டு எப்படியும் மிஞ்சும். எப்போதாவது எழுதுபவருக்குக் காலி பேனாக் குழாயே போதும். தளர்வாக இருந்தால் பென்சிலின் வாலில் காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றிச் செருகலாம்.