லைனுக்கு வந்த மார்க் போடும் டேப்லெட்: ஆறு மாதத்துக்குப் பிறகு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தம் 38 மெஷின். யார் நன்றாகத் தைக்கிறார்கள், யார் இழுக்கிறார்கள் என்பதை இத்தனை வருடமும் நானும் என் நோட்டும்தான் முடிவு செய்தோம். ஆறு மாதத்துக்கு முன் முதலாளி மாத வாடகைக்கு டேப்லெட் எடுத்து மெஷினுக்கு ஒன்றாக மாட்டிவிட்டார். கொடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்த மாதிரி ஒன்றை வாங்க யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கட்டிங்கில் இருந்து வரும் ஒவ்வொரு பண்டிலிலும் (வெட்டிய துணிக் கட்டு) ஒரு கியூஆர் சீட்டு இருக்கும். தைத்து முடித்ததும் டைலர் அதை டேப்லெட்டில் காட்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிடம் என்று 'சாம்' கணக்கு ஏற்கெனவே ஏற்றியிருப்பார்கள். சைடு அடிக்க 0.6 நிமிடம் என்றால் 480 நிமிட ஷிப்டில் 800 பீஸ் நூறு சதவீதம். 600 பீஸ் என்றால் 75. அதைப் பொறுத்துத் திரை பச்சை, மஞ்சள், சிவப்பு.

இதில் முதலில் மாட்டியது நான்தான். ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பெண், கடைசி ஓவர்லாக் மெஷினில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். 'சுமார்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். டேப்லெட்டில் மூன்று வாரமும் 80க்குக் கீழே இறங்கவில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மெஷினை விரட்டு விரட்டென்று விரட்டும் தம்பியோ 55ஐத் தாண்டவில்லை.

அப்புறம் குறைகள். எங்கள் லைனில் ஓர் அக்கா ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் மூன்றும் ஓட்டுவார். சம்பளம் வாங்கிய மறு திங்கட்கிழமை யார் வராவிட்டாலும் அந்த மெஷினில் அவர்தான். மாறி உட்கார்ந்த முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் கை மெதுவாகத்தான் ஓடும். மாதக் கடைசியில் அவருக்கு 58. "எனக்கு மட்டும் எதுக்குங்கண்ணா சிவப்பு?" என்று கேட்டார். அன்றைக்கு லைன் நிற்காமல் ஓடியதே அவரால்தான் என்பதை எழுத அதில் இடமே இல்லை.

ஆல்டர், அதாவது திருத்தித் தைக்கத் திரும்பி வரும் பீஸ் கணக்கும் அப்படித்தான். சீட்டைக் காட்டியதும் பீஸ் கணக்கில் ஏறிவிடுகிறது. செக்கிங்கில் தையல் விட்டுப்போயிருக்கிறது என்று திரும்பி வந்தால் கழிவதில்லை. 90 வாங்கிய ஒருவரின் மேஜையில்தான் ஆல்டர் குவியலும் இருந்தது.

கரண்ட் போனால், பண்டில் வராவிட்டால், மெக்கானிக்குக் காத்திருந்தால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரமும் டைலர் தலையில்தான் விழும். அந்தப் பட்டனுக்குத் தமிழில் என்ன பெயர் வைத்திருந்தார்கள் தெரியுமா? 'சோம்பல் நேரம்'! யார் அழுத்துவார்கள்? போன் செய்து சொன்னதும் இரண்டே நாளில் 'வேலை வரவில்லை' என்று மாற்றிக் கொடுத்தார்கள். அந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் யாருக்கு எத்தனை மெஷின் தெரியும் என்ற பட்டியலைச் சேர்க்கச் சொன்னால் தனிக் காசு கேட்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். தீபாவளி போனஸுக்கு முதலாளி டேப்லெட் மார்க்கின் பிரிண்டைத்தான் பார்க்கப்போகிறாராம். அக்காவின் தாளோடு என் நோட்டில் இருந்து நான்கு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.