ஓவனில் வேகும் கேசரோல்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெளிந்தவை

வேலை முடிந்து வந்த மாலைகளில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் எங்கள் வீட்டில் கேசரோல், அதாவது பல பொருள்களைச் சாஸோடு ஒரே பாத்திரத்தில் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் உணவு, சமைக்கத் தொடங்கினோம். பாஸ்தா, உருளைக்கிழங்கு, அரிசி, கோழி, காய்கறி என்று பலவற்றையும் வைத்துப் பல ஆண்டுகள் செய்துபார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது, இந்தச் சமையலின் பதத்தைத் தீர்மானிப்பது மசாலாவோ சீஸோ அல்ல, பாத்திரத்துக்குள் இருக்கும் நீரே என்பதுதான்.

மூடி வைத்து வேகவைக்கும்போது நீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. காளான், கீரை, சுக்கினி போன்றவை வேகும்போது விடும் நீர் முழுவதும் அடியிலேயே தேங்கி, சாஸை நீர்த்துப்போகச் செய்துவிடும். ஆகவே காளானை அதன் நீர் வற்றி ஓரங்கள் பழுப்பாகும் வரை வாணலியில் வதக்கிய பின்பே சேர்க்கிறேன். கீரையை வதக்கி, ஆறியதும் கையால் இறுகப் பிழிந்துவிடுகிறேன். பாஸ்தாவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பாக்கெட்டில் குறிப்பிட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே அதை வடித்துவிட்டால், மீதி வேக்காட்டுக்கு வேண்டிய நீரைச் சாஸிலிருந்து எடுத்துக்கொள்ளும். எனவே கலக்கும்போது சாஸ் தேவைக்குச் சற்றுத் தளர்வாகவே இருக்க வேண்டும். அப்போதே கெட்டியாக இருந்தால், மேசைக்கு வருவதற்குள் வறண்டுவிடும்.

ஒயிட் சாஸுக்கு 500 மி.லி. பாலுக்கு வெண்ணெயும் மைதாவும் தலா 30 கிராம் என்ற அளவு எனக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. சீஸை அடுப்பை அணைத்த பிறகே சேர்ப்பது நல்லது, ஏனெனில் கொதிக்கும் சாஸில் போட்டால் கொழுப்பு பிரிந்து திரிதிரியாகிவிடும். துருவியே விற்கும் சீஸில் இழைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பதால் அது வழவழப்பாக உருகுவதில்லை. கட்டியாக வாங்கித் துருவிக்கொள்ளும் சிரமத்துக்குப் பலன் உண்டு.

உருளைக்கிழங்கை 3 மி.மீ. கனத்தில் ஒரே சீராக நறுக்க வேண்டும். தக்காளியின் புளிப்பு கிழங்கையும் பயறு வகைகளையும் எளிதில் வேகவிடாது என்பதால், தக்காளி சாஸில் சேர்ப்பதாக இருந்தால் அவற்றை முன்பே வேகவைத்துக்கொள்வது அவசியம்.

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் வைத்து, முதலில் ஃபாயிலால் மூடி, கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும் திறந்துவிடுவது என் வழக்கம். வெளியே எடுத்ததும் வெட்டினால் சாஸ் வழிந்தோடும். பத்து நிமிடம் விட்டால் இறுகி, துண்டு துண்டாக எடுக்க வரும். பசியோடு கரண்டியும் கையுமாக நிற்பவர்களை அந்தப் பத்து நிமிடம் தடுத்து வைப்பதுதான் கடினம். அதிலும் மொறுமொறுவென்று பழுப்பேறிய மூலைத் துண்டு யாருக்கு என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

பாத்திரங்களில் கண்ணாடியையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஓரமும் அடியும் சிவப்பதைப் பக்கவாட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை நேரே சூடான ஓவனில் வைப்பதும், ஓவனிலிருந்து எடுத்ததை ஈரமான மேடையில் வைப்பதும் அதை உடைத்துவிடக்கூடும். ஒட்டிப்பிடித்ததைக் கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழுந்து கண்ணாடி பலவீனமாகும். வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊறவைத்தால் தானாகவே கழன்றுவிடும்.

முன்கூட்டியே செய்து உறையவைக்க நினைப்பவர்கள் பாத்திரத்துக்குள் ஃபாயில் விரித்து நிரப்பி, கட்டியானதும் ஃபாயிலோடு தூக்கிச் சுற்றி வைத்துவிட்டால், பாத்திரம் அடுத்த சமையலுக்குக் கிடைத்துவிடும். தக்காளி சாஸில் செய்தவை இதற்கு நன்றாக ஒத்துவருகின்றன. ஒயிட் சாஸ் உருகும்போது பிரிந்துவிடுகிறது, உருளைக்கிழங்கோ மணல் மணலாகிவிடுகிறது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாள்களுக்குள், நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை சூடாக்கி உண்ண வேண்டும்.

மீன் மட்டும் இந்த முறைக்குள் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கிழங்கு வேக எடுக்கும் நேரத்தில் மீன் வறண்டு உதிர்ந்துவிடுவதால், மற்றவை வெந்த பிறகு கடைசியில் மேலே பரப்பிச் சிறிது நேரம் வேகவைக்கிறேன். உண்ணும்படி வருகிறது, ஆனால் தனியாகப் பொரித்த மீனுக்கு அது ஈடாகவில்லை.